முதல் புகார் எங்கே போனது?

பள்ளியில் ஒரு குழந்தைக்குப் பாலியல் வன்முறை நடந்தால், "அது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு" என்று அரசு கைகழுவுவதை நாம் பார்த்திருக்கிறோம். அயர்லாந்தில் இந்தப் பதிலை உடைத்தவர், அத்தகைய வன்முறையிலிருந்து மீண்டு வந்த லூயிஸ் ஓ'கீஃப்.

அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. ஆனால் பெரும்பாலான பள்ளிகளை நிர்வகித்தது கத்தோலிக்கத் திருச்சபை. கார்க் பகுதியில் டண்டெரோ என்ற ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர் மீது 1971-இல் பெற்றோர் ஒருவர் புகார் சொன்னார். அது நிர்வாகியோடு நின்றுபோனது. காவல்துறைக்கும் போகவில்லை, கல்வித்துறைக்கும் போகவில்லை. 1973-இல் அதே ஆசிரியர் சிறுமி லூயிஸைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். பெற்றோர்கள் கூடிப் பேசிய பிறகு அவர் ராஜினாமா செய்தார். பிறகு இன்னொரு பள்ளியில் சேர்ந்து 1995 வரை பாடம் நடத்தினார்!

1998-இல் அவர் 21 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். ஓ'கீஃப் அத்தோடு விடவில்லை. அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று வழக்காடினார். 2008-இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2014 ஜனவரி 28 அன்று, 11 நீதிபதிகள் ஆதரவாகவும் 6 பேர் எதிராகவும் நிற்க, அவர் வென்றார். பள்ளியை யார் கையில் கொடுத்தாலும் குழந்தையைக் காக்கும் கடமையை அரசு கைமாற்ற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அரசு அடுத்த சுவரை எழுப்பியது. அந்த ஆசிரியர் மீது முன்பே புகார் இருந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் இழப்பீடு என்றது. புகாரை அமுக்கிய பள்ளியில் ஆதாரத்துக்கு எங்கே போவது? பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் போராடினார்கள். 2019-இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இந்த நிபந்தனை தீர்ப்புக்கு முரணானது என்றார். பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். துறவற சபைகள் நடத்திய பள்ளிகள் குறித்து 2024-இல் வெளியான அரசு அறிக்கையில் 308 பள்ளிகள், 2,395 குற்றச்சாட்டுகள் பதிவாகியிருந்தன.

தோழர்களே, நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் பிரிவு 21-இன்படி தண்டனை உண்டு. ஆனால் சேரியிலிருந்து வரும் குழந்தையின் புகாரைக் கேட்கும் நாற்காலியில் ஆதிக்க சாதிக்காரர் உட்கார்ந்திருந்தால், அது பள்ளி வாசலைத் தாண்டுமா? ஆகவே பள்ளிகளுக்குப் போகும்போது நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: இங்கே வந்த முதல் புகார் யாரிடம் போனது? எந்தத் தேதியில் காவல் நிலையம் சேர்ந்தது?