ரேந்தையும் எழுத்தும்: தென் திருவிதாங்கூரிலும் இடையன்குடியிலும் பெண்கல்விக்கான அறக்கொடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரின் சிற்றூர்களில் ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது குடும்பத்திற்கு இழப்பாகவே இருந்தது. கட்டணம் வாங்காத பள்ளியாயினும் நிலை இதுவே. பனைத்தொழிலை நம்பிய நாடார் குடிகளில் ஆண்கள் மரமேறிப் பதநீர் இறக்கினர்; அதைக் காய்ச்சிக் கருப்புக்கட்டியாக்குவது பெண்களின் வேலை. பதநீர் புளிக்கும் முன் அடுப்பேறியாக வேண்டும். சுள்ளி பொறுக்கவும் அடுப்பெரிக்கவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் சிறுமியின் கை பருவகாலம் முழுவதும் தேவைப்பட்டது. பறையர், புலையர் குடிகளில் பிறந்த பலரோ நிலவுடைமையாளரின் அடிமைகள். அவர்தம் பெண்மக்களின் உழைப்பு பெற்றோருக்குக்கூட உரியதாக இருக்கவில்லை. எனவே இப்பகுதியின் பெண்கல்வி வரலாற்றில், பள்ளி எந்த ஆண்டில் திறக்கப்பட்டது என்ற வினாவைவிட, சிறுமியின் உழைப்பை இழந்த வீட்டிற்கு எது ஈடாயிற்று என்ற வினாவே முதன்மையானது.

இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணி 1806இல் ரிங்கல்தௌபேயின் வருகையோடு மயிலாடியை நடுவமாகக் கொண்டு தொடங்கியது. 1818இல் வந்த சார்லஸ் மீடு அதை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அங்கு 1819இல் தொடங்கப்பெற்ற பெண்கள் பள்ளி உறைவிடப் பள்ளியாக அமைந்தது. உணவும் உடையும் தங்குமிடமும் பள்ளியே தந்ததால் வீட்டிற்கு ஒரு வயிற்றின் சுமை குறைந்தது. இச்செலவிற்குப் பெரிதும் இங்கிலாந்துத் திருச்சபையினரின் நன்கொடையே ஆதாரம். கொடையாளர் ஒருவர் ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்பதும், தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடச்செய்வதும் அக்கால மிஷன் பள்ளிகளில் வழக்கம். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலும் இவ்வழக்கம் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை முதலிய பெயர்கள் தமிழ் ஆய்வாளர் நன்கறிந்தவை. ஆண்கள் இரவல் பெயரோடு நூன்முகப்புகளில் இடம்பெற்றனர். அவ்வாறே பெயர் மாறிய பெண்களை அங்குக் காண்பது அரிது.

வெளிநாட்டு நன்கொடை நிலையான வருவாயன்று. 1819இன் இறுதியில் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், 1821 அளவில் மாணவியருக்கு ரேந்தை பின்னக் கற்பித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும். தலையணை போன்ற திண்டின்மேல் துளையிட்ட மாதிரித் தாளை விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுண்தொழில் இது. (தொழில் ஆங்கிலேயப் பெண்மணி வழி வந்ததாயினும், ரேந்தை என்னும் சொல் தமிழுக்குப் போர்த்துக்கீசியர் தந்தது.) பின்னிய ரேந்தையை ஐரோப்பியப் பெண்டிர் வாங்கினர். விற்பனைப் பணம் பள்ளிச் செலவிற்கு உதவியது. பின்னிய பெண்ணுக்கும் கூலி கிடைத்தது. அடிமைக் குடியில் பிறந்த மாணவியர் சிலர் அக்கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்த 1855ஆம் ஆண்டு அறிக்கைக்கு முற்பட்ட செய்தி இது. இங்கே கொடை என்பது தொடக்க முதலே. மீட்பு விலையைச் செலுத்தியது அப்பெண்களின் விரல்களே. இதை முழுவதும் கொடையாளரின் வெற்றியாக எழுதும் மரபு திருத்தப்பட வேண்டியது.

ஆயினும் இத்தொழிலைப் போற்றி மட்டும் எழுதுவதும் பொருந்தாது. எழுத்துக் கற்க வந்த சிறுமி தன் பொழுதின் ஒரு பகுதியைச் சந்தைக்கான உழைப்பில் கழித்தாள். அச்சந்தையோ செல்வர் வீட்டு ஆடையலங்காரச் சந்தை. பிறர் ஆடைக்கு ரேந்தை பின்னிய இவர்களின் தாய்மார் தம் மார்பை மறைப்பதே அக்காலத்தில் வழக்குக்கும் வன்முறைக்கும் உரியதாக இருந்தது. 1829ஆம் ஆண்டு அரசறிக்கை கிறித்தவ நாடார் பெண்கள் குப்பாயம் அணிய இசைந்து, மேல்சாதிப் பெண்டிரைப்போல் தோள்சீலை அணிவதைத் தடுத்தது. 1859ஆம் ஆண்டு அறிக்கை எல்லாச் சமய நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்றபோதும், முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணி உடுத்தலாம் எனக் கூறி, மேல்சாதியார் முறையை அப்போதும் விலக்கியது. இந்நாட்டைப் பற்றிச் சாமுவேல் மேற்றீர் 1871இல் வெளியிட்ட நூலின் தலைப்பு ‘தருமத்தின் நாடு’ எனப் பொருள்படும். திருவிதாங்கூர் தன்னைத் தருமபூமி எனப் பெருமையுடன் அழைத்துக்கொண்டது. அதன் ஊட்டுப்புரைகளில் பந்தி பிராமணர்க்கே விரிக்கப்பட்டது.

மார்த்தாவின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து, தமிழைப் பேச்சுமொழியாகவே அறிந்து வளர்ந்தவர். 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். செம்மணல் தேரியும் பனையுமாகிய அவ்வூரில் அவர் பெண்கள் உறைவிடப் பள்ளியை நடத்தி, தாயிடம் கற்ற ரேந்தைத் தொழிலையும் பரப்பினார். திருநெல்வேலிச் சீமை ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. அங்கு அடிமைமுறைக்கான சட்ட ஏற்பு 1843ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிவிட்டது. ஆகவே அங்கு ரேந்தைக் கூலி விடுதலைக்கு விலையாகவில்லை. ஏழை வீட்டின் துணை வருவாயாயிற்று. 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ள அளவிற்கு எலைசாவின் பள்ளி ஆராயப்படவில்லை.

இப்பள்ளிகளில் பயின்ற பெண்களை உபதேசியார்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் ஏற்ற மனைவியராக்குவது மிஷனரிகளின் நோக்கங்களுள் ஒன்று. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடை அவ்வளவு குறுகியதே. ஆனால் கணவனுடன் சிற்றூருக்குச் சென்ற அப்பெண், அவ்வூர்ச் சிறுமியருக்கு எழுத்தறிவித்தாள். திண்டையும் கட்டைகளையும் உடன் கொண்டுசென்றவள் பின்னவும் கற்பித்தாள். பதநீர் இறங்காத மாதங்களிலும் வீட்டிலிருந்தபடியே ஈட்டக்கூடிய காசு அது. எண்ணி வாங்கியது அவள் கை.