புற அதிகார வரம்பு (டெக்சஸ்)

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நகர எல்லையை ஒட்டி வெளியே அமைந்த சட்ட வளையம். இங்கே நகரம் சொத்து வரி வாங்க முடியாது. குடியிருப்போருக்கு நகரத் தேர்தலில் வாக்கும் இல்லை. ஆனால் நிலத்தை மனைகளாகப் பிரிக்க வேண்டுமென்றால் பொதுவாக நகரத்தின் ஒப்புதல் தேவை. இந்த வளையத்திலுள்ள கிராமப்புற நிலத்தை அண்டை நகரங்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்வதும் உண்டு.

இதன் வேர் 1912இல் இருக்கிறது. அவ்வாண்டின் அரசியலமைப்புத் திருத்தம் 5,000 பேருக்கு மேற்பட்ட நகரங்கள் தம் சாசனத்தைத் தாமே எழுதிக்கொள்ள வழிவிட்டது. பக்கத்து நிலத்தை, அங்கிருப்போரைக் கேட்காமலே, இணைத்துக்கொள்ளும் அதிகாரமும் கூடவே வந்தது. ஹியூஸ்டன் போன்ற நகரங்கள் அப்படித்தான் பெருத்தன. ஒரே நிலத்துக்கு இரண்டு நகரங்கள் போட்டியிட்டால்? நடவடிக்கையை முதலில் தொடங்கியவருக்கே முன்னுரிமை என்பது, ஹியூஸ்டனும் வெஸ்ட் யுனிவர்சிட்டி பிளேஸும் மோதிய வழக்கில் 1943இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறி. முந்திக்கொள்வதற்காகவே தீர்மானத்தை முதல் வாசிப்போடு நிறுத்திவைக்க இது இடம் கொடுத்தது.

1963ஆம் ஆண்டின் நகர இணைப்புச் சட்டம் இந்த ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு கிழித்தது. 5,000 பேருக்குக் குறைந்த ஊருக்கு அரை மைல், ஒரு லட்சமும் அதற்கு மேலும் உள்ள நகரத்துக்கு 5 மைல் என மக்கள்தொகைப்படி வளையத்தின் அகலம் அமைந்தது. இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தை நகரங்கள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம்; முடியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம்.

ஒரு நகரத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அதன் வரம்பைப் பொதுவாகக் குறைக்க முடியாது என்பது அடிப்படை விதி. ஆகவே நிலம் கைமாறும்போது ஒரு நகர மன்றம் விடுவிக்கும், மற்றது ஏற்கும். பெறும் நகரத்தின் மைல் கணக்குக்குள் நிலம் வராவிட்டால் உரிமையாளர் மனு கொடுக்க வேண்டும். கைமாற்றத்தின் காரணம் பல நேரம் மண்ணுக்கடியில்தான்: சரிவு அண்டை நகரத்தின் பக்கம் இருந்தால், கழிவுநீர் அங்கே தானாக ஓடும், இந்தப் பக்கம் கொண்டுவர பம்பு வேண்டும். தீர்மானத்தோடு நில விவரம் இணைக்கப்படும். நம் பத்திரங்களின் செக்குபந்தியைப்போல, மூலையில் புதைந்த ஓர் இரும்புக் கம்பியில் தொடங்கி, பாகையும் அடியுமாகச் சுற்றி அதே கம்பியில் வந்து நிற்கும். பழைய விவரங்களில் ஸ்பானியர் விட்டுச்சென்ற 'வாரா' அளவும் தென்படும். டெக்சஸ் கணக்கில் ஒரு வாரா 33⅓ அங்குலம்.

இத்தனையிலும் அந்த நிலத்தில் வாழ்பவர் குரல் வெகுகாலம் எடுபடவில்லை. 1996இல் கிங்வுட் பகுதியை எதிர்ப்பை மீறி ஹியூஸ்டன் இணைத்தது காற்றை மாற்றியது. இணைப்புக்கு மூன்றாண்டு முன்திட்டம் வேண்டும் என்று 1999இல் சட்டம் வந்தது. 2017இல் பெரிய கவுண்டிகளிலும் 2019இல் மாநிலம் முழுதும், பொதுவாக மக்கள் அல்லது உரிமையாளர் சம்மதமின்றி இணைக்க முடியாது என்றானது.

2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த செனட் மசோதா எண் 2038 வளையத்தையே அசைத்தது. நிலமதிப்பில் பெரும்பான்மை வைத்திருப்போர் மனு கொடுத்தால், ராணுவ தளத்தை அடுத்த பகுதி போன்ற சில விலக்குகள் தவிர, நகரம் விடுவித்தாக வேண்டும். கெடுவுக்குள் விடுவிக்காவிட்டாலும் நிலம் தானாக விடுபடும். கிராண்ட் ப்ரேரி உள்ளிட்ட நகரங்கள் வழக்குத் தொடுத்தன. இப்படி விடுபட்ட நிலத்தை, உரிமையாளர் கேட்டாலன்றி, வேறெந்த நகரமும் தன் வரம்பில் சேர்க்க முடியாது.