துறையும் செலுத்தியும்: யுனிக்ஸ் வலையமைப்பு இடைமுகங்களின் வரலாறு

கடல் சூழ்ந்த நிலத்தில் வாழ்வார்க்குத் துறையின் அருமை சொல்லாமலே விளங்கும். இறுப்பிட்டியைத் தன்னகத்தே கொண்ட புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் கலங்களின் பொறிகள் வெவ்வேறானவை. ஆயினும், பயணி பொறியின் இயல்பை அறிய வேண்டுவதில்லை. எக்கலம் எவ்வூருக்கு என்பதறிந்தாற் போதும். கணினியை வலையமைப்போடு இணைக்கும் துறையாகிய இடைமுகத்துக்கும் இத்தகைய ஒழுங்கொன்று உண்டு. அது தோன்றி வளர்ந்தவாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969 இல் ஆக்கத் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை, கணினியோடிணைந்த கருவிகளையும் கோப்புகளாகவே கொண்டது. அச்சுப்பொறியாயினும் காந்த நாடாவாயினும் திறத்தல், வாசித்தல், எழுதுதல், மூடுதல் என்னும் தொழில்களால் அதனை ஆளலாம். கருவியின் தனியியல்பை அறிந்து அதனை இயக்கும் செய்நிரற் பகுதி செலுத்தி எனப்படும். இத்தொழில்களுள் அடங்காத ஏவல்களைச் செலுத்திக்கு உணர்த்துதற்கென 1979 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் 'ஐ.ஓ.சி.ரி.எல்.' என்னும் அழைப்பு இடம்பெற்றது.

வலையமைப்போ இக்கொள்கைக்கு எளிதில் அடங்கவில்லை. கோப்பு, நாம் வாசிக்குமளவும் காத்திருக்கும். வலையமைப்பிலிருந்து வரும் தரவுப் பொதி அழையாத வேளையிலும் வந்து சேரும். பல உரையாடல்களின் பொதிகள் ஒரே கம்பியிற் கலந்தும் வரும். எனவே, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்லி வளாகத்தார் 1983 இல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. பதிப்பில், இடைமுகம் கோப்பாகாது தனிப்பெயருடைய பொருளாயிற்று. ஒவ்வொரு செலுத்தியும் தன் இடைமுகத்தை முறைமையின் பட்டியலிற் பதிந்து, பொதியை அனுப்பும் வழியையும் ஏவலை ஏற்கும் வழியையும் அறிவித்தது. அப்பதிப்பிலேயே தோன்றிய 'இஃப்கொன்பிக்' என்னும் கட்டளை, இடைமுகத்துக்கு முகவரியிடவும் அதனை எழுப்பவும் நிறுத்தவும் உதவியது. அட்டையைச் செய்தவர் யாவராயினும் கட்டளை ஒன்றே. ஆளும் முறையை இயக்கும் முறையினின்று பிரித்தமையே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம்.

பெயரிடுவதிற் சிக்கல் எஞ்சியது. பி.எஸ்.டி. மரபு செலுத்தியின் பெயரையே இடைமுகத்துக்கு இட்டது. 1991 இல் லினஸ் ரோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ், ஈதர்நெற் அட்டைகளைக் கண்டறிந்த வரிசைப்படி 'ஈத்0', 'ஈத்1' என எண்ணியது. ஈரட்டையுள்ள கணினியில் அவ்வரிசை மாறின், ஒன்றற்குரிய முகவரியும் காவல் விதிகளும் மற்றதன்மேற் சென்று விழும். இக்குறை நீங்க, அட்டை பொருந்திய இடத்தைக் கொண்டு பெயரிடும் முறையைச் 'சிஸ்ரம்டி' 2013 இற் புகுத்தியது. லினக்ஸில் 'இஃப்கொன்பிக்'கின் இடத்தை இன்று 'ஐபி' என்னும் கட்டளை பெற்றுள்ளது.

இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்றமைத்த 'லேர்ண்' வலையமைப்பு 1990களில் வளர்ந்தது. 1995 இல் வணிகமுறை இணையமும் தொடங்கியது. அவ்வாண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாடு போரினால் மின்சாரமிழந்திருந்தது. தீவக மக்கள் பலர் ஊர் துறந்திருந்தனர். பிறர் இத்துறையைப் படிப்படியாகக் கற்ற காலம் நமக்குக் கிட்டவில்லை. நாம் பெற்றது முடிந்த பொருளே. அஃது ஆகிய வழியை அறிந்திலோம். இன்று மாணவர் கையிலுள்ள அன்ரொயிட் தொலைபேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் கருவே. ஆயினும், விரலால் ஒரு குறியைத் தொடுவதோடு அவர்தம் அறிவு நின்றுவிடுகின்றது.

அவ்விடைவெளியை நிரப்புதல் அரிதன்று. லினக்ஸ், பி.எஸ்.டி. ஆகியவற்றின் மூல நிரல்கள் யாவரும் படிக்கத் திறந்தே கிடக்கின்றன. பள்ளிக் கணினியின் இணைப்பு அறுந்தவிடத்து, இவ்வரலாறே ஆராயும் முறையையும் கற்பிக்கும். பட்டியலில் இடைமுகத்தின் பெயர் இல்லையெனின் அட்டையையும் செலுத்தியையும் ஐயுறுக. பெயரிருந்தும் எழாதிருப்பின் எழுப்புக. எழுந்தும் முகவரியில்லையெனின் முகவரி இடுக. இவ்வரிசையை அறிந்த மாணவன் பிறர் வரவை நோக்கிக் காத்திரான். தன் துறையைத் தானே திறப்பான்.