மூக்கறுத்த காலமும் மூக்கைத் திருத்தும் காலமும்

மூக்கின் ஒரு துவாரம் சற்றுப் பெரிது. மற்றொன்று சற்றுச் சிறிது. எதிரில் நின்று பேசுகிறவருக்கு இது கண்ணில் படாது. கண்ணாடியில் முகம் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். "கல்யாணத்துக்கு முன்னாடியே சரிசெய்து கொள்ளேன்" என்கிறாள் தோழி. "ஆண்டவன் கொடுத்த மூக்கில் கத்தி வைப்பதா?" என்கிறார் அம்மா. இடையில் நிற்கும் பெண் எந்தப் பக்கம் சாய்வது?

செய்யலாம், செய்யக்கூடாது என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால், அதற்கு முன் இந்த வைத்தியம் எங்கே பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று திரும்பிப் பார்ப்பது நல்லது. மூக்கின் மீது வைக்கப்பட்ட கத்திக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் இன்றைய கேள்விக்கும் விடை இருக்கிறது.

மானமும் மூக்கும்

தமிழில் ஒருவர் அவமானப்பட்டால் 'மூக்கறுபட்டார்' என்கிறோம். அழகான பிள்ளையை 'மூக்கும் முழியுமாக இருக்கிறாள்' என்கிறோம். முகத்தின் அழகும் மனிதரின் மானமும் மூக்கிலேயே இருப்பதாக நம் முன்னோர் எண்ணினர். இராமாயணத்தில் சூர்ப்பணகைக்குக் கிடைத்த தண்டனை எல்லோரும் அறிந்தது.

இது வெறும் பேச்சுவழக்காக நின்றுவிடவில்லை. 1650களில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாயக்கர் நாட்டிற்குள் புகுந்தது. அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. முதுமையில் நோயுற்றிருந்த திருமலை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதியின் உதவியை நாடினார். மைசூர்ப் படை விரட்டப்பட்டது. பின்னர் மதுரைப் படை மைசூர் நாட்டிற்குள் சென்று அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. வரலாற்றில் இதற்கு 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர். ஒருவரைக் கொல்வதைவிட, வாழ்நாள் முழுவதும் தலைகுனிந்து நடமாட விடுவது பெரிய தண்டனை என்று அறுத்தவர்கள் கருதினார்கள்.

மூக்கைத் திருப்பித் தந்த வைத்தியம்

மூக்கறுப்பது தண்டனையாக இருந்த நாட்டில்தான், அறுந்த மூக்கைத் திரும்ப உருவாக்கும் வைத்தியமும் வளர்ந்தது. சுசுருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூல் அதன் முறையை விளக்குகிறது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி அளவெடுக்க வேண்டும். அதே அளவில் கன்னத்துத் தோலை, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி வெட்டியெடுத்து மூக்கில் பொருத்த வேண்டும். மூச்சு விடுவதற்காக இரண்டு குழல்களை உள்ளே வைக்க வேண்டும். மூக்கு எடுப்பாகத் தெரிந்தால் மட்டும் போதாது, மூச்சும் தடையின்றி வரவேண்டும் என்பதை அந்த நூல் மறக்கவில்லை.

இந்த மரபின் தொடர்ச்சியை உலகம் அறிந்துகொண்டது ஒரு மாட்டு வண்டிக்காரரால். அவர் பெயர் கவாஸ்ஜி. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டியவர். திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டு மூக்கில்லாமல் இருந்தபின், பூனா அருகே ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு வைத்தார். வைத்தவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்தவர்.

மெல்லிய மெழுகில் மூக்கின் உருவம் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடிட்டு, அந்த அளவுக்குத் தோலை உரித்தார். இரு கண்களுக்கும் நடுவில் மட்டும் தோல் விடுபடாமல் விட்டு, அதைத் திருப்பி மூக்கின் இடத்தில் பொருத்தினார். துவாரங்கள் அடைபடாமல் இருக்க மென்மையான துணித்துண்டுகளை உள்ளே வைத்தார். சுமார் 25ஆம் நாள் இணைப்புத் தோலை அறுத்துவிட்டார். இந்தச் செய்தியைப் படத்துடன் 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழ் வெளியிட்டது.

அதைப் படித்தவர்களில் ஒருவர் ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர். பல ஆண்டுகள் பிணங்களில் பயிற்சி செய்து பார்த்துவிட்டு, 1814 அக்டோபரில் லண்டனில் ஓர் இராணுவ அதிகாரிக்கு இந்த அறுவையைச் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. நோயாளி வலியைத் தாங்கிக்கொண்டார். 1816இல் கார்ப்யூ நூல் எழுதினார். நெற்றித் தோலால் மூக்கு அமைக்கும் அந்த முறை மேலைநாட்டு மருத்துவத்தில் 'இந்திய முறை' என்று நிலைத்துவிட்டது. கார்ப்யூவுக்கு முன் ஐரோப்பாவில் வேறொரு முறை இருந்தது. இத்தாலியின் பொலோனா நகர மருத்துவர் தாலியாகோட்சி, கைத் தோலைக் கொண்டு மூக்கு அமைப்பதை 1597இல் நூலாக வெளியிட்டார். அந்தச் சிகிச்சையில் கையை முகத்தோடு சேர்த்துப் பல நாள் கட்டி வைக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு வேதனையை இந்த மனிதர்கள் ஏன் தாங்கினார்கள்? அவர்கள் கேட்டது அழகை அல்ல. தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்காத சாதாரண முகத்தைத்தான் கேட்டார்கள்.

இருக்கும் மூக்கைத் திருத்திய காலம்

1846இல் ஈதர் மயக்க மருந்து வந்தது. 1867இல் ஜோசப் லிஸ்டர் காயத்தில் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை வெளியிட்டார். 1884இல் ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து வந்தது. வலியும் ஆபத்தும் குறையவே, கத்தியின் வேலையும் மாறியது. இல்லாத மூக்கை உண்டாக்கியவர்கள், இருக்கும் மூக்கைத் திருத்தத் தொடங்கினார்கள்.

1887இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ஜான் ரோ என்ற மருத்துவர், வெளியே தழும்பு தெரியாமல், மூக்கின் உள்பக்கமாகவே வெட்டி, சப்பை மூக்கைத் திருத்திக் காட்டினார். அந்த மூக்குகளில் நோய் எதுவும் இல்லை. 'சப்பை மூக்கு' என்று ஊர் பரிகசித்ததுதான் நோய். அந்நாளில் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரர்களை அப்படிப்பட்ட மூக்கு வைத்துத்தான் கேலிப்படம் வரைவார்கள்.

1898இல் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற யூத மருத்துவர் ஒருவரின் பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். மூக்கின் காரணமாக வெளியே போகவே கூசிய அந்த மனிதர், சிகிச்சைக்குப் பின் பிறரோடு இயல்பாகப் பழகத் தொடங்கினார். மனத்தின் துயரமும் அறுவைக்கு ஒரு காரணம் ஆகலாம் என்று ஜோசப் வாதிட்டார். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், யூதர்களை மூக்கை வைத்து இழிவுபடுத்திய சமுதாயம் அது. குற்றம் மூக்கிலா, பார்த்த கண்ணிலா?

முதல் உலகப் போரில் இந்தக் கலை மீண்டும் தன் பழைய வேலைக்குத் திரும்பியது. 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்ட மருத்துவமனையில், ஹெரால்ட் கில்லிசும் அவருடைய குழுவினரும் முகம் சிதைந்த 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். போர் முடிந்தபின், அங்கே கற்ற நுட்பம் அழகு சிகிச்சைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒரு பாத்திரம், இரண்டு மூக்கு

அமெரிக்க மேடையின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகை ஃபேனி பிரைஸ், 1923இல் தம் மூக்கை அறுவை செய்து திருத்திக்கொண்டார். 45 ஆண்டுகள் கழித்து, 1968இல், அவருடைய வாழ்க்கை 'ஃபன்னி கேர்ள்' என்ற படமாக வந்தது. ஃபேனியாக நடித்தவர் பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட். அவருடைய மூக்கையும் பலர் குறை சொன்னார்கள். அவரோ அதில் கைவைக்க மறுத்துவிட்டார். அதே மூக்கோடு நடித்த அந்தப் படத்திற்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதும் பெற்றார்.

ஒருவர் செய்தது சரி, மற்றவர் செய்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. இருவரும் தங்கள் மூக்கைப் பற்றித் தாங்களே முடிவெடுத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இரண்டும் ஒன்றல்ல

இனி, துவாரங்களுக்கு வருவோம். முகத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் அச்சில் வார்த்ததுபோல் யாருக்கும் இருப்பதில்லை. புருவம், கண், காது, துவாரம் எல்லாவற்றிலும் சிறு வேறுபாடு இயல்பு. இரு துவாரங்களும் ஒரே அளவாக மூச்சு விடுவதுகூட இல்லை. ஒன்றில் காற்று தாராளமாகப் போகும்போது மற்றொன்று சற்று அடைத்திருக்கும். சில மணி நேரத்தில் முறை மாறும். 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விளக்கி எழுதினார். இடகலை, பிங்கலை என்று நம் சித்தர்கள் மூச்சைப் பிரித்துப் பேசியது அதற்கும் வெகு காலம் முன்பு. நம் பெண்கள் பலர் ஒரு பக்கம் மட்டும் மூக்குத்தி அணிகிறார்கள். இரு பக்கமும் சமமாக இல்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை; அதைத்தான் அழகு என்கிறோம்.

கண்ணாடி பெரிதாக்கும் குறையை மருத்துவமும் அறியும். இல்லாத அல்லது மிகச் சிறிய குறையை எண்ணி எண்ணி வாடும் மனநிலைக்கு, 1891இல் இத்தாலிய மனநல மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி ஒரு பெயர் வைத்தார். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. ஒரு குறை தீர்ந்தால் மனம் இன்னொன்றைத் தேடும். அவர்களுக்கு வேண்டியது மனநல ஆலோசனை.

முடிவு யாருடையது?

ஆகவே, மூக்கின் துவாரம் ஒத்திருக்கவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மூச்சு விடச் சிரமம் உண்டா? அடிபட்டதாலோ, மூக்கின் நடுச்சுவர் வளைந்ததாலோ, பிறவி உதட்டுப் பிளவாலோ வந்த மாற்றமா? அப்படியானால் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்ப்பதில் தயங்கவே வேண்டாம். அது ஆடம்பரம் அல்ல, சிகிச்சை.

மூச்சு நன்றாக வருகிறது, தோற்றம்தான் உறுத்துகிறது என்றால், உறுத்துவது யாரை? தன்னையா, கேலி செய்த உறவினரையா, பெண் பார்க்க வந்தவரையா? பிறர் சொல்லுக்காகத் திருத்திய மூக்கு, அடுத்தவர் வேறொன்று சொன்னால் என்ன ஆகும்?

நெடுநாள் யோசித்தபின்னும் தனக்காகவே வேண்டும் என்று தோன்றினால், செய்துகொள்வதில் வெட்கம் இல்லை. ஆனால், வளர்ச்சி முடியாத வயதில் வேண்டாம். வீக்கம் முழுவதும் வடிந்து இறுதி வடிவம் தெரிய ஓராண்டு வரை ஆகலாம். சிலருக்கு இரண்டாவது அறுவையும் தேவைப்படும். வேறுபாடு குறையுமே தவிர, இரண்டும் அச்சொத்து அமையும் என்று எந்த நல்ல மருத்துவரும் உறுதி தரமாட்டார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மருத்துவ மன்றங்கள் நிபுணர்களின் பதிவேட்டை வைத்திருக்கின்றன. விளம்பரத்தைப் பார்த்து ஓடாமல், அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது அறிவுடைமை.

கவாஸ்ஜியின் மூக்கை அறுத்தது வாள். அதை ஒரு கைவினைஞரின் கத்தி திருப்பித் தந்தது. இன்று வீட்டு விசேஷங்களிலும் நண்பர் கூட்டத்திலும் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல் பிள்ளைகளின் மூக்கை அறுத்துவிடுகிறது. அந்தக் காயத்தை ஆற்ற அறுவை மருத்துவர் வேண்டியதில்லை. சொன்னவர்கள் வாயைக் காத்தாலே போதும்.