பிள்ளைகள் கேட்டதும் பெரியவர்கள் சொன்னதும்

பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகள் தெருவுக்கு வந்து ஒரு கோரிக்கையைச் சொல்லும்போது, அந்தக் கோரிக்கை நியாயமானதா என்று ஆராய்வதற்கு முன்னதாகவே, இவர்களைத் தூண்டிவிட்டது யார், இவர்கள் பாடம் என்ன ஆவது, பெற்றவர்கள் எங்கே போனார்கள் என்று பெரியவர்கள் கேட்பது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. பூமி சூடேறிவருவதைத் தடுக்கும்படி 2018ஆம் ஆண்டு முதல் பல தேசங்களில் மாணவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குக் கிடைத்த வசவையும் வாழ்த்தையும் சரியாக எடைபோட வேண்டுமானால், அந்த வழக்கத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்று அறிந்துகொள்வது அவசியம்.

வேல்ஸ் நாட்டின் தென்கரையில் உள்ள லானெல்லி என்னும் தொழில் நகரத்தில், 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துருப்புகள் சுட்டு இரண்டு இளைஞர்கள் மாண்டார்கள். அந்தத் துக்கம் ஆறுமுன்னரே, செப்டம்பர் 5ஆம் தேதி, அவ்வூர்ப் பிகின் பள்ளியில், வேலைநிறுத்தத்துக்கு அழைக்கும் துண்டுக் காகிதம் ஒன்றைப் பெஞ்சுக்குப் பெஞ்சு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பையன் அடிபட்டான். அதைக் கண்ட தோழர்கள் எழுந்து வெளியேறி, ஊர்வலமாகச் சென்று மற்றப் பள்ளிப் பையன்களையும் அழைத்தார்கள். சில தினங்களுக்குள் பிரிட்டனில் 60க்கும் மேற்பட்ட ஊர்களில் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே வந்து, பிரம்படி கூடாது, பள்ளி நேரத்தைக் குறைக்க வேண்டும், வீட்டுப்பாடம் வேண்டாம் என்று கூவினார்கள். பத்திரிகைகளில் பல இதைப் பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆடிய விளையாட்டாகவே வருணித்தன. தலைமை வகித்த பையன்கள் திரும்பி வந்தபோது பிரம்பால் அடிக்கப்பட்டார்கள். அதாவது, பிரம்படி வேண்டாம் என்ற விண்ணப்பத்துக்குப் பிரம்பே மறுமொழியாயிற்று. பிரிட்டிஷ் அரசுப் பள்ளிகளில் பிரம்படியை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது 1986இல். அப்போது அந்தப் பையன்களில் உயிரோடு இருந்தவர்கள் எண்பது வயதைக் கடந்திருப்பார்கள்.

எல்லா ஊரிலும் பெரியவர்கள் எதிர்நின்றார்கள் என்று சொல்வதற்கில்லை. நார்ஃபோக் மாவட்டத்துப் பர்ஸ்டன் கிராமத்தில், ஏழை விவசாயக் கூலிகளுக்குப் பரிந்து பேசிய ஆசிரியத் தம்பதிகளை வேலையிலிருந்து நீக்கியபோது, 1914 ஏப்ரல் 1ஆம் தேதி 72 பிள்ளைகளில் 66 பேர் பள்ளியைவிட்டு வெளியேறினார்கள். பெற்றோர்கள் அபராதம் கட்டினார்களேயன்றிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்களுக்கென்று எழும்பிய தனிப் பள்ளி 1939 வரை நடந்தது.

ஆனால் பிள்ளைகளின் கிளர்ச்சியைக் குறித்து உலகம் அதிகமாக விவாதித்தது 1963ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரத்தில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த இயக்கம் சோர்வுற்றிருந்தது. சிறைக்குப் போனால் வேலை போகும், வீடு போகும் என்று பெரியவர்கள் தயங்கினார்கள். அந்த நிலையில் மே 2ஆம் தேதி நூற்றுக்கணக்கான மாணவர்கள் பதினாறாம் தெருத் தேவாலயத்தின் வாசலிலிருந்து அணியணியாகப் பாடிக்கொண்டே இறங்கி வந்து கைதானார்கள். மறுநாள் தீயணைக்கும் குழாய்களின் தண்ணீரை அவர்கள்மீது பீறிட்டடிக்கச் செய்து, போலீஸ் நாய்களையும் ஏவினார்கள். சிறைகள் நிரம்பிவிட்டபடியால் பொருட்காட்சி மைதானத்தில் பிள்ளைகளை அடைத்துவைத்தார்கள். இத்தனைக்கும் நடுவே, பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்தது ஆபத்தான காரியம் என்று அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி கண்டித்தார். ஆண்மக்கள் தம் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்த மாட்டார்கள் என்று, வேறொரு திசையிலிருந்து, மால்கம் எக்ஸும் கண்டித்தார். மே 10இல் சமரசம் ஏற்பட்ட பிறகும், ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைக் கல்விச் சபை பள்ளியிலிருந்து விலக்கி உத்தரவிட்டது. மேல் நியாயஸ்தலத்து நீதிபதி ஒருவர் அவ்வுத்தரவைத் தள்ளியபின்தான் அவர்கள் வகுப்புக்குத் திரும்ப முடிந்தது. இன்று அந்தப் பிள்ளைகளுக்குச் சிலைகள் இருக்கின்றன. அந்த மே மாதத்தில் அவர்களுக்குச் சாதகமாக இருந்த அபிப்பிராயம் எவ்வளவு குறைவு என்பதை மறந்துவிட்டுச் சிலைகளை மட்டும் பார்ப்பது சரித்திரமாகாது.

பருவநிலை விஷயத்தில் முதன்முதலில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வசவன்று, கரகோஷம். 1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரியோ டி ஜெனிரோவில் கூடிய பூமி மகாநாட்டில், கனடாவைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி செவர்ன் கல்லிஸ் சுசுகி, தோழியரோடு சேர்ந்து பணம் திரட்டிக்கொண்டு வந்து, சுமார் ஆறு நிமிஷம் பேசினாள். சீர்படுத்தத் தெரியாத ஒன்றை உடைப்பதையாவது நிறுத்துங்கள் என்பதே அவள் பேச்சின் சாரம். பிரதிநிதிகள் கைதட்டினார்கள். பருவநிலை பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் அதே மகாநாட்டில் கையொப்பமாயிற்று. ஹவாயித் தீவில் அளந்தபடி அந்த ஆண்டு காற்றில் கரியமிலவாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 356 பங்கு இருந்தது. 2018ஆம் ஆண்டு அது 408ஐத் தாண்டிவிட்டது.

அந்த 2018ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்வீடன் தேசம் என்றும் காணாத வெப்பத்தையும் காட்டுத்தீயையும் கண்டது. ஆகஸ்டு 20ஆம் தேதி திங்கட்கிழமை, ஸ்டாக்ஹோம் பாராளுமன்றக் கட்டடத்தின் வெளியே, கல் பாவிய நடைபாதையில், 15 வயதுப் பெண் கிரெட்டா துன்பெர்க் ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளை வண்ணம் பூசிய பலகை. அதில் கறுப்பு எழுத்தில், பருவநிலைக்காகப் பள்ளி வேலைநிறுத்தம் என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் நாள் அவளோடு ஒருவரும் இல்லை. பள்ளி நேரம் முடியும்வரை இருந்துவிட்டுப் போனாள். மறுநாள் சிலர் வந்து சேர்ந்தார்கள். செப்டம்பர் 9ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தல்வரை பள்ளி நாள்தோறும், அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் இது தொடர்ந்தது. அக்டோபரில், வெப்ப உயர்வை ஒன்றரை டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால், 2010இல் இருந்த அளவிலிருந்து 2030க்குள் கரியமில வெளியீட்டைச் சுமார் 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானிகள் குழு அறிக்கை வெளியிட்டது. மாணவர்கள் கையில் பிடித்த ஆதாரம் இதுதான். அவர்கள் புதிதாக ஒன்றையும் கற்பனை செய்யவில்லை. அரசாங்கங்கள் ஒப்புக்கொண்ட கணக்கையே அரசாங்கங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள்.

மறுமொழி கேள்விக்கு வரவில்லை, கேட்டவர்கள்மீது வந்தது. ஆஸ்திரேலியாவில் நவம்பர் 30ஆம் தேதி பல்லாயிரம் மாணவர்கள் வெளியே வரத் தயாரானபோது, பள்ளிகளில் படிப்பு அதிகமாகவும் கிளர்ச்சி குறைவாகவும் இருக்க வேண்டும் என்று பிரதம மந்திரி ஸ்காட் மாரிசன் சொன்னார். இப்படிப் போராடக் கற்றவர்கள் வேலையற்றோர் உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கத்தான் கற்றுக்கொள்வார்கள் என்ற பொருளில் சுரங்கங்களை மேற்பார்க்கும் மந்திரி பேசினார். பிரிட்டனில் 2019 பிப்ரவரி 15ஆம் தேதி வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆசிரியர்களின் பாடநேரம் விரயமாகிறது என்பது பிரதம மந்திரி அலுவலகத்தின் கவலை. பெல்ஜியத்தில் வாரந்தோறும் வியாழக்கிழமை மாணவர்கள் பிரஸ்ஸல்ஸ் நகரில் திரண்டு, ஜனவரி 24இல் முப்பதாயிரத்தைத் தாண்டினார்கள். இதன் பின்னால் யாரோ இருக்கிறார்கள், தேசியப் பாதுகாப்பு இலாகாவே தமக்கு அப்படித் தெரிவித்தது என்று ஃபிளாண்டர்ஸ் பிரதேசத்துச் சுற்றுச்சூழல் மந்திரி யோக்க ஸ்கௌவ்லீக பேசினார். தாங்கள் அப்படி எதுவும் தெரிவிக்கவில்லை என்று இலாகா மறுத்தது. பிப்ரவரி 5ஆம் தேதி அந்த அம்மையார் பதவியை ராஜிநாமா செய்தார். தூண்டுதல் யாருடையது என்ற பழைய சந்தேகத்துக்கு ஒரு மந்திரியே பலியான சம்பவம் இது.

ஜெர்மனியில் நடந்த விவாதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தாராளவாதக் கட்சித் தலைவர் கிறிஸ்டியான் லின்ட்னர், உலக விவகாரமும் தொழில்நுட்பமும் பொருளாதாரமும் பிள்ளைகளுக்குப் பிடிபடும் என்று எதிர்பார்க்க முடியாது, அது கைதேர்ந்தவர்களுடைய வேலை என்று மார்ச் மாதத்தில் சொன்னார். அலட்சியமாகச் சொன்ன பேச்சென்று இதைத் தள்ளிவிட வேண்டாம். பெரும்பாலான பெரியவர்கள் மனத்துக்குள் நினைப்பதைத்தான் அவர் வெளியே சொன்னார். இரண்டொரு நாளில் அந்தக் கைதேர்ந்தவர்களே மறுமொழி கூறினார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து தேசங்களைச் சேர்ந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், மாணவர்களுடைய கவலை ஆதாரமுள்ளது என்று கையொப்பமிட்டு வெளியிட்டார்கள். தகுதி இல்லாதவர்கள் பேசுகிறார்கள் என்ற ஆட்சேபம் அன்றோடு நியாயமாக முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை.

மூன்று நாட்கள் கழித்து, மார்ச் 15ஆம் தேதி, நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் வெளியே வந்தார்கள். கூட்டம் பெருகப் பெருகப் பெரியவர்களின் குரலும் மாறியது. ஏப்ரலில் லண்டனில் கிரெட்டா துன்பெர்க் பேசியதைக் கேட்டுவிட்டு, தமக்குக் குற்ற உணர்ச்சி ஏற்பட்டதாக மந்திரி மைக்கேல் கோவ் சொன்னார். மே 1ஆம் தேதி பிரிட்டிஷ் பாராளுமன்றம் பருவநிலை நெருக்கடியைப் பிரகடனம் செய்தது. செப்டம்பர் 20ஆம் தேதி வேலைநிறுத்தத்துக்கு நியூயார்க் நகரக் கல்வி இலாகா, பெற்றோர் சம்மதித்தால் தன் 11 லட்சம் மாணவர்களும் செல்லலாம் என்று அனுமதி அளித்தது. வீட்டுத் தாத்தா பாட்டிகளும் பெற்றோரும் பேரணியில் சேர்ந்து நடந்தார்கள். பரிகாசமும் ஓயவில்லை, 16 வயதுப் பெண்ணைப் பார்த்துக் கோபத்தை அடக்கப் பழகு, சினிமாவுக்குப் போ என்று எழுதியவர் அமெரிக்க ஜனாதிபதி.

திட்டியவர்களைக் காட்டிலும் புகழ்ந்தவர்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம் அதிகம். திட்டுகிறவன் பிள்ளையோடு ஒரு வழக்காடலில் இறங்குகிறான். ஆதாரம் காட்டினால் தோற்கவும் கூடும். எழுந்து நின்று கைதட்டிவிட்டு, நீங்கள்தான் எங்கள் நம்பிக்கை என்று சொல்லித் தம் காரியத்துக்குத் திரும்பிப் போகிற ராஜதந்திரியோ, தம் பாரத்தை இறக்கிப் பிள்ளைகள் தலையில் வைக்கிறார். 2050ஆம் ஆண்டை எல்லையாக வைத்துப் பிரதிக்ஞை செய்த தலைவர்களில் பலர் அந்த ஆண்டைக் காணப்போவதில்லை. 2019இல் தெருவில் நின்ற 14 வயதுப் பையனுக்கு அப்போது 45 வயது. அவன் கேட்டது வாழ்த்தை அன்று, தேதியை.

2020ஆம் ஆண்டுத் தொற்றுநோய் கூட்டங்களை நிறுத்திவிட்டது. அதன்பின் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சில இளைஞர்கள் சாலைகளில் பசையால் கையை ஒட்டிக்கொண்டும், 2022 அக்டோபரில் லண்டன் ஓவியக்கூடத்தில் வான் கோவின் சூரியகாந்திப் படத்தின்மேல் தக்காளி சூப்பை எறிந்தும் கவனத்தைக் கவர முயன்றபோது, ஜனங்களின் அனுதாபம் வெகுவாகக் குறைந்தது. படத்துக்கு முன்னே கண்ணாடி இருந்தது, சட்டகம் மட்டுமே சேதமாயிற்று. ஆயினும் அந்தச் செய்கையை என்னால் மெச்ச முடியவில்லை. கூலிக்குப் போகிறவனும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனும் நடுச்சாலையில் தவிக்கும்போது கொள்ளும் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு முன் நடைபாதை ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்தோம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் தேசத்திலும் இந்த இரட்டை மனோபாவத்தைக் காணலாம். ஹரித்வாரைச் சேர்ந்த ரிதிமா பாண்டே 9 வயதில், 2017ஆம் ஆண்டு, அரசாங்கம் பருவநிலைக்குப் போதியது செய்யவில்லை என்று பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தாள். 2019இல் மனு தள்ளுபடியாயிற்று. 2021 பிப்ரவரியில் பெங்களூரைச் சேர்ந்த 22 வயதுப் பருவநிலை ஆர்வலப் பெண்ணொருத்தி, விவசாயிகள் போராட்டத்தை ஆதரிக்கும் ஒரு குறிப்பேட்டைப் பகிர்ந்ததற்காக ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானாள். ஆதாரம் அற்பம் என்று கண்ட டில்லி நீதிபதி பத்து நாளில் ஜாமீன் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் திருவண்ணாமலைப் பெண் வினிஷா உமாசங்கர் கிளாஸ்கோ மகாநாட்டில் பேசினாள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் கரிப்பெட்டியில் கரி போட்டு ஊதுவதையும், எரிந்த சாம்பல் கொட்டுவதையும் பார்த்து, சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வகுத்த பெண் அவள். ஊரே பாராட்டியது, பாராட்டத் தக்கதுதான். ஆனால் அவள் அந்த மேடையில் இஸ்திரி வண்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை. தலைவர்களின் வெறும் வாக்குறுதிகளால் தன் தலைமுறையினர் கோபமுற்றிருப்பதையும் சொன்னாள். வண்டியைப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் அந்தக் கோபத்தைக் கேட்டார்கள்? கருவி செய்கிற பிள்ளை நமக்கு வேண்டும். கேள்வி கேட்கிற பிள்ளை வேண்டாம்.

தெருவில் விடை கிடைக்காத கேள்வி நியாயஸ்தலம் ஏறியது. லூயிசா நொய்பாவர் முதலிய ஜெர்மானிய இளைஞர்களும், வங்கதேசத்தையும் நேபாளத்தையும் சேர்ந்த சிலரும் தொடுத்த வழக்குகளில், 2021 மார்ச் 24ஆம் தேதி ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், 2019ஆம் ஆண்டுப் பருவநிலைச் சட்டம் கரியமில வெளியீட்டைக் குறைக்கும் பாரத்தின் பெரும்பகுதியை 2030க்குப் பிற்பட்ட காலத்துக்குத் தள்ளி வருங்காலத்தவரின் சுதந்திரத்தைக் குறைக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. அரசாங்கம் 2030க்குரிய வெளியீட்டுக் குறைப்பு இலக்கை 55 சதவீதத்திலிருந்து 65க்கு உயர்த்தியது. ஆஸ்திரேலியாவில் எட்டு மாணவர்கள், 86 வயதுக் கன்னிகாஸ்திரீ பிரிஜிட் ஆர்தரைக் காப்பாளராகக் கொண்டு, ஒரு நிலக்கரிச் சுரங்க விஸ்தரிப்பை எதிர்த்து வழக்காடினார்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமல் பார்க்கும் கடமை சுற்றுச்சூழல் மந்திரிக்கு உண்டு என்று 2021 மே மாதத்தில் ஒரு நீதிபதி தீர்த்தார். 2022 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். பருவநிலை மாற்றத்தால் பிள்ளைகளுக்கு வரப்போகும் ஆபத்தைக் குறித்து விஞ்ஞானிகள் சொன்ன சாட்சியத்தை மந்திரியின் தரப்பு பெரும்பாலும் மறுக்கவே இல்லை. இது அரசாங்கக் கொள்கையைச் சேர்ந்த விஷயம், நியாயஸ்தலம் தீர்மானிக்கத் தக்கதன்று என்பது தலைமை நீதிபதியின் கருத்து. வழக்குத் தொடுத்த நாளில் அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் வாக்குரிமை இல்லை.