கொசுவின் காதும் நண்டின் காலும்

போன ஆவணியில் ஒரு ராத்திரி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. "இந்தச் சுவர்க்கோழி இன்றைக்குத் தூங்கவிடாது போலிருக்கிறதே" என்று என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். எந்தச் சுவர்க்கோழி என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. கட்டிலுக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டிருந்ததாம். எனக்கோ அறை அமைதியாக இருந்தது.

காது டாக்டர் சோதித்துவிட்டு, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும், வயதுக்கு இது சகஜம் என்றார். காதுக்கு மெஷின் வாங்கினேன். கூடவே ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கேட்காத அந்தப் பூச்சிக்கு எப்படிக் கேட்கிறது? முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான். சுவர்க்கோழிக்குக் காது முன்னங்காலில் இருக்கிறது என்பதற்கு மேல் மாணவர்களுக்கு ஒன்றும் சொன்னதில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை கொசுவில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பால்டிமோர் நகர மருத்துவர் கிறிஸ்டோபர் ஜான்ஸ்டன், 1855இல் கொசுவின் உணர்கொம்பை நுண்ணோக்கியில் பார்த்தார். கொம்பின் அடியில் குமிழ் போன்ற ஒரு கணு. அதற்குள் நரம்புகள் நெருக்கமாக இருந்தன. இதுதான் கொசுவின் காது என்றார். இன்றும் அதற்கு ஜான்ஸ்டன் உறுப்பு என்றே பெயர். 1874இல் ஆல்பிரட் மேயர் என்ற இயற்பியலாளர் ஆண் கொசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்து, பக்கத்தில் இசைக்கவைகளை ஒலிக்கச் செய்தார். குறிப்பிட்ட சுருதிக்குக் கொம்பின் மயிரிழைகள் நன்றாக அதிர்ந்தன. பெண் கொசுவின் ரீங்காரம் ஆண் கொசுவுக்கு அழைப்பு என்பது இப்படித்தான் புரியத் தொடங்கியது. அந்த ஆண் கொசுவின் உறுப்பில் சுமார் 15,000 நரம்புச் செல்கள் இருப்பதாகப் பிற்காலத்தில் கணக்கிட்டார்கள். அவ்வளவு சின்ன உடம்பில்!

மயிரிழை அதிர்வது சரி. அந்த அதிர்வு நரம்புச் செய்தியாக மாறுவது எப்படி? அதற்கு விடை கொசுவிடமிருந்து வரவில்லை, நண்டின் காலிலிருந்து வந்தது.

டென்மார்க்கில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கௌ என்பவர் இருந்தார். அறுவை சிகிச்சை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். மரத்துப்போக ஊசி போடுகிறோமே, அந்த மருந்து நரம்பில் என்ன செய்கிறது என்று அறிய ஆசைப்பட்டு, கடற்கரை நண்டுகளின் கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்தார். அதில் இருந்த ஒரு நொதி, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இருக்கும்போது வேகமாக வேலை செய்தது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை உடைத்து, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் பம்பு அதுதான் என்று பின்னால் தெளிவாயிற்று. 1957இல் கட்டுரை எழுதியபோது, தலைப்பில் 'பம்பு' என்று போட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அடக்கமாக வேறு தலைப்பு வைத்தார்.

அடுத்த வருஷம் வியன்னாவில் ஒரு மாநாடு. ராபர்ட் போஸ்ட் என்ற அமெரிக்கர், "உங்கள் நொதியை ஊபைன் நிறுத்துகிறதா?" என்று ஸ்கௌவைக் கேட்டார். ஊபைன் ஆப்பிரிக்கச் செடிகளில் கிடைக்கும் அம்பு விஷம். அது இந்தப் பம்பை அடைத்துவிடும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஸ்கௌ அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. ஊருக்குப் போன் போட்டுச் சோதிக்கச் சொன்னார். நிறுத்தியது! நம் ஊர் மஞ்சள் அரளி விதையின் விஷமும் இதே பம்பைத்தான் பிடிக்கிறது. இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையும் அப்படித்தான், அளவோடு. நாற்பது வருஷம் கழித்து, 1997இல் ஸ்கௌவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பம்புக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? நம் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வருகிறது. வேகம் குழாயில் இல்லை. மோட்டார் ஏற்றிவைத்த தொட்டியில் இருக்கிறது. காதும் அப்படித்தான். ஒலி வந்து குழாயைத் திறக்கிறது, அவ்வளவே. அயனிகள் பாய்ந்து நரம்பைத் தட்டி எழுப்ப வேண்டுமானால், அவற்றை முன்கூட்டியே பம்பு ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

பூச்சியின் காதில் இதை நேராகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மதுபர்ணா ராய், டேனியல் எபெர்ல் ஆகியோர். கட்டுரை வெளிவந்தது 2013இல். வாழைப்பழத்தை மொய்க்கும் சின்ன ஈக்கும் ஜான்ஸ்டன் உறுப்பு உண்டு. ஆண் ஈ ஒரு சிறகை அதிரவைத்துப் பாடுவதைப் பெண் ஈ அதில் கேட்கிறது. அந்த உறுப்பில் நரம்பு முனையைப் போர்வை போலச் சுற்றி ஒரு செல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே திரவம் நிறைந்த சின்ன அறை. போர்வைச் செல்லின் வெளிச்சுவரில்தான் பம்புகள் மிகுதியாக இருந்தன. மோட்டார் தொட்டிக்குள் இருப்பதில்லையே, கிணற்றடியில்தானே இருக்கும்!

நரம்பைத் தொடாமல், போர்வைச் செல்லில் மட்டும் பம்பு உற்பத்தியைக் குறைத்தார்கள். ஈ முழுச் செவிடாகிவிட்டது. அந்தச் சின்ன அறைக்குள் இருக்கக்கூடாத கசடும் சேர்ந்திருந்தது.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் காதின் நத்தை எலும்புக்குள்ளும் பொட்டாசியம் நிறைந்த திரவம் இருக்கிறது. சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தோடு அது நிற்கிறது. அதைத் தயாராக வைத்திருப்பது பக்கச்சுவரில் இரத்தக் குழாய்கள் மண்டிய ஒரு பட்டை. அங்கும் வெளிப்புறத்தில் அதே பம்பு, நண்டின் காலில் ஸ்கௌ கண்டது. முதுமைச் செவிட்டை ஹரால்ட் ஷக்னெக்ட் 1964இல் நாலு வகையாகப் பிரித்தபோது, இந்தப் பட்டை நலிவதையும் ஒரு வகையாக வைத்தார்.

என் காதில் போனது அது இல்லை, கீச்சொலியைப் பிடிக்கும் மயிர்ச்செல்களாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. கேட்பது என்றால் சும்மா இருந்து வாங்கிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லாத நடுராத்திரியிலும் காது உழைத்துக்கொண்டேதான் இருக்கிறது, என்றோ வரப்போகும் ஒரு குரலுக்காக.

இப்போதெல்லாம் படுக்கும் முன் மெஷினைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன். நேற்று சுவர்க்கோழி கேட்டது. தகரத்தில் ஊசியால் கீறுவது போல, என் நினைவில் இருந்த குரலாக இல்லை. "கேட்கிறதா?" என்றாள். கேட்கிறது என்றேன். அதன்பிறகுதான் அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அதைத் துரத்தப் போனாள்.