சாவி தொலைஞ்சா சாட்சி வேணும்: மின்னஞ்சல் பூட்டின் கதை

மின்னஞ்சலுக்கும் எங்க விருதுநகர் மாவட்டத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ராஜபாளையம் பக்கத்துல முகவூர்னு ஒரு ஊர். சின்ன வயசுல அங்க வளர்ந்து, ஏழு வயசுல அமெரிக்கா போனவர் சிவா அய்யாதுரை. 1978ல, 14 வயசுல தான் எழுதின நிரல்தான் முதல் 'ஈமெயில்'னு சொல்றார். 1982ல அதுக்குப் பதிப்புரிமைப் பதிவும் வாங்கியிருக்கார். கணினி வரலாறு எழுதுறவங்க பலரும் இதை ஏத்துக்கிறதில்லை. 1965லயே எம்.ஐ.டி.யில (குரோம்பேட்டை இல்லீங்க, அமெரிக்கா) 'மெயில்'ங்கிற கட்டளை இருந்துச்சு, 1971ல ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கே அனுப்பிட்டார்ங்கிறது அவங்க கட்சி.

இந்தப் பஞ்சாயத்துக்குள்ள நான் போகலை மக்களே. என் கேள்வி ரொம்பச் சின்னது. மின்னஞ்சலை யார் கண்டுபிடிச்சா என்ன, ஒரு மின்னஞ்சல் கணக்கு 'என்னோடது'ன்னு எப்படி நிரூபிக்கிறது?

கேட்க வெச்சது எங்க சித்தப்பா. சிவகாசியில காலண்டர் ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்ட். வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்னிக்கு அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளிவரும், அதுக்கப்புறம்தான் சீசன். அவரோட மின்னஞ்சல் 2003ல ஒரு பிரவுசிங் சென்டர்ல திறந்தது. இருபது வருஷத்து வாடிக்கையாளர் முகவரி எல்லாம் அதுக்குள்ளதான். போன வருஷம் ஆல்பம் வந்த ரெண்டாவது வாரம், மதுரையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் போன் பண்ணி, "அண்ணாச்சி, பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டீங்களா? மெயில் வந்துச்சே, அட்வான்ஸை அதுலயே போட்டுடவா?"ன்னு கேட்டிருக்கார். சித்தப்பா அப்படி எதுவும் அனுப்பலை. உள்ள போய்ப் பார்க்கலாம்னா பாஸ்வேர்டு மாறிப் போச்சு.

முதல் பூட்டு, முதல் திருடன்

கணினிக்குப் பாஸ்வேர்டு வந்ததும் அதே எம்.ஐ.டி.யிலதான். 1960களின் தொடக்கத்துல, ஒரே கணினியைப் பலபேர் பங்கு போட்டுக்கிற சி.டி.எஸ்.எஸ்.ங்கிற அமைப்பை ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு உருவாக்குச்சு. அவங்கவங்க கோப்பை அவங்கவங்க மட்டும் பார்க்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு. 1962ல ஆலன் ஷெர்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் ஒதுக்கீடு, பத்தலை. பாஸ்வேர்டு கோப்பையே அச்சடிச்சுத் தரச் சொல்லி ஒரு துளையட்டையில கட்டளை கொடுத்தார். கணினியும் சமர்த்தா அச்சடிச்சுக் கொடுத்துடுச்சு! அப்புறம் அடுத்தவங்க கணக்குல நுழைஞ்சு வேலை பார்த்தார். ரொம்ப வருஷம் கழிச்சு அவரே சொல்லித்தான் வெளிய தெரிஞ்சுது.

ஆனா அந்தக் காலத்துல பாஸ்வேர்டு மறந்தாலும் திருடு போனாலும் மீட்கிறது சுலபம். கணினி அறைக்கு நேர்ல போய் நின்னாப் போதும். அங்க இருக்கிறவருக்கு உங்க முகம் தெரியும். பஜார்ல கடைச்சாவியைத் தொலைச்சுட்டு பூட்டை உடைக்கிற மாதிரி. பக்கத்துக் கடைக்காரர் "அவர் கடைதாம்ப்பா"ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது.

முகம் தெரியாத வாடிக்கையாளர்கள்

1996 ஜூலை 4ல சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினப்ப இந்த சாட்சி காணாமப் போச்சு. காசு கிடையாது, அடையாள அட்டை கிடையாது, யாரும் யார் பேர்லயும் கணக்கு திறக்கலாம். அதுதான் அதோட வெற்றி, வினையும் அதுதான். 1999 ஆகஸ்ட்ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. பயனர் பேர் மட்டும் தெரிஞ்சா, யாரோட ஹாட்மெயில் பெட்டியையும் பாஸ்வேர்டு தெரியாமலே திறக்க முடிஞ்சுது. கொஞ்ச நேரம் சேவையையே நிறுத்தித்தான் அடைச்சாங்க.

கோடிக்கணக்கான பேர் கணக்கு வெச்சிருந்தா, மறந்தவங்களுக்கெல்லாம் போன்ல பதில் சொல்ல முடியுமா? அதுக்குக் கண்டுபிடிச்ச குறுக்குவழிதான் ரகசியக் கேள்வி. 'உங்க அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பேர் என்ன?' நமக்கு ஏதுங்க குடும்பப் பேர்? கல்யாணத்துல மாறுறது ஒரு இனிஷியல், ஒத்தை எழுத்து :-) 'எந்தப் பள்ளியில படிச்சீங்க?' சின்ன ஊர்ல அது ஊருக்கே தெரியும்.

2008 செப்டம்பர்ல இந்த ஓட்டை உலகத்துக்கே தெரிஞ்சுது. அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினோட யாஹூ கணக்குல 20 வயசு கல்லூரி மாணவர் ஒருத்தர் நுழைஞ்சார். பெரிய வித்தை எதுவும் இல்லை. பிறந்த நாள், அஞ்சல் குறியீடு, கணவரை முதல்ல சந்திச்ச இடம். மூணும் இணையத்துல தேடினதுல கிடைச்சுது. அடுத்த வருஷம் வந்த ஒரு ஆய்வு இன்னும் வேடிக்கை. ரகசியக் கேள்விகளுக்கான பதில்ல 17 சதவீதத்தைத் தெரிஞ்சவங்களே யூகிச்சுட்டாங்க. ஆறு மாசத்துல 20 சதவீதப் பதில்களை, எழுதினவங்களே மறந்துட்டாங்க. திருடனுக்குத் திறக்கும், சொந்தக்காரனுக்குத் திறக்காத பூட்டு!

சித்தப்பா கதையும் அதுதான். 2003ல கணக்கைத் திறந்து கொடுத்தது பிரவுசிங் சென்டர் பையன். கேள்விக்குப் பதில் அடிச்சதும் அவன்தான்.

செல்போன் சாட்சி

2011 பிப்ரவரியில கூகுள் எல்லாருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கொண்டுவந்துச்சு. பக்கத்துக் கடைக்காரர் இடத்துல செல்போன். நல்ல சாட்சிதான், ஆனா நம்ம ஊர்ல செல்போன் எண் நிலைக்கிறதில்லை. ரீசார்ஜ் பண்ணாத எண்ணை ரத்து பண்ணி, 90 நாள் கழிச்சு வேற ஆளுக்குக் கொடுத்துடலாம். சித்தப்பா கணக்குல இருந்த எண்ணுக்கு அடிச்சா வேற யாரோ எடுத்தாங்க.

எப்படி மீட்டோம்?

நிறுவனத்தோட மீட்புப் படிவம் மட்டுந்தான் வழி. அங்க மனுஷன் கிடையாது, நீங்கதான் நீங்கன்னு மதிப்பெண் போடுற ஒரு நிரல். ரெண்டு தடவை பெங்களூர்ல என் மடிக்கணினியிலிருந்து முயற்சி பண்ணினோம், மறுத்துடுச்சு. பொட்டி தட்டுறவன் புத்தி அப்பத்தான் வேலை செஞ்சுது. அது தேடுறது பழக்கத்தை. தினமும் எங்கிருந்து, எந்தக் கணினியில நுழைவார்? சிவகாசிக்கு பஸ் ஏறினேன். அவர் கடையில, அதே பழைய கணினியில, அதே இணைப்புல உட்கார்ந்தோம். பழைய ஆர்டர் நோட்டு அட்டையில எழுதி வெச்சிருந்த முந்தைய பாஸ்வேர்டு, அடிக்கடி எழுதுற அஞ்சு பேரோட முகவரி, கணக்கு திறந்த மாசம் எல்லாம் கொடுத்தோம். மறுநாள் கதவு திறந்துச்சு.

அதோட கதை முடியலைங்க. பாஸ்வேர்டை மாத்தினதும் நிம்மதியாயிடுவோம் பாருங்க, அங்கதான் திருடன் காத்திருப்பான். அமைப்புகளுக்குள்ள போனா, 'பேங்க்', 'அட்வான்ஸ்'ங்கிற சொல் வர்ற எல்லா மடலும் வேற ஒரு முகவரிக்குத் தானாப் போற மாதிரி வடிகட்டி போட்டு வெச்சிருந்தான். மீட்பு முகவரியும் அவனோடது. ரெண்டையும் நீக்கி, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேத்தின பிறகுதான் கணக்கு நிஜமாவே கைக்கு வந்துச்சு. அதுக்குள்ள ரெண்டு வாடிக்கையாளர் பணம் போட்டுட்டாங்க. 1930க்குச் சொல்லி, புகாரும் கொடுத்திருக்கு. அடுத்தவங்க பாஸ்வேர்டை மோசடியாப் பயன்படுத்தினா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ரெண்டு பேரோட காலண்டரையும் சித்தப்பா தன் கைக்காசு போட்டு அடிச்சுக் கொடுத்தார். "அவங்க என்னை நம்பித்தானப்பா போட்டாங்க"ன்னார்.

அறுபது வருஷமா பூட்டுத்தான் மாறியிருக்கு. தொலைச்சவன் கேட்கிற கேள்வி மாறலை. எனக்கு யார் சாட்சி? முன்ன முகம், அப்புறம் ஞாபகம், அப்புறம் செல்போன், இப்ப நம்ம பழக்கவழக்கம். அந்த மெயிலைப் பார்த்ததும் போனை எடுத்து "அண்ணாச்சி"ன்னு கேட்டாரே மதுரைக்காரர், அவர்தான் இதுல எல்லாத்தையும் விட நல்ல சாட்சின்னு எனக்குத் தோணுது.

டிஸ்கி: நம்மில் பலபேருக்கு வலைப்பூவோட சாவியே ஒரு பழைய மின்னஞ்சல்தான். ரெண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்குகளை நீக்குறதை 2023 டிசம்பர்ல கூகுள் ஆரம்பிச்சாச்சு. பின்னூட்டம் அப்புறம் போடலாம். முதல்ல உங்க மீட்பு எண் இன்னும் உங்களோடதுதானான்னு பாருங்க.